9 வெற்றி, 73 தோல்வி: ஒரு கூடைப்பந்து அணியின் கதை

விளையாட்டு வரலாறு என்றாலே பெரும்பாலும் ஜெயித்தவர்களின் வரலாறுதான். மைக்கேல் ஜோர்டனின் சிகாகோ புல்ஸ் அணி 1995-96 சீசனில் 82 ஆட்டங்களில் 72 ஆட்டங்களை வென்றது. 2015-16இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 73 ஆட்டங்களை வென்று அந்தச் சாதனையை முறியடித்தது. கூடைப்பந்து பார்க்கும் எவரைக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் அந்த 73 என்ற எண்ணுக்கு இன்னொரு சொந்தக்காரரும் உண்டு. 1972-73 சீசனில் பிலடெல்பியா செவன்டிசிக்சர்ஸ் அணி 73 ஆட்டங்களில் தோற்றது! வென்றது வெறும் 9. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் 82 ஆட்டங்கள் கொண்ட சீசன்களில் 2025 வரை இதைவிட மோசமான கணக்கு எந்த அணிக்கும் இல்லை.

இது ஏதோ புதிதாகத் தொடங்கிய கத்துக்குட்டி அணி என்று நினைத்தால் தவறு. ஆறே வருடங்களுக்கு முன்னால் இதே அணி என்.பி.ஏ. சாம்பியன். அதுவும் சாதாரண சாம்பியன் அல்ல. அதுவரை யாருமே செய்திராத சாதனையைச் செய்த சாம்பியன். அப்படிப்பட்ட அணி எப்படி இப்படி ஆனது? அதுதான் இந்தக் கதை.

யார் இந்த சிக்சர்ஸ்?

பெயரைப் பார்த்து கிரிக்கெட் சிக்ஸர் என்று எண்ண வேண்டாம். 1776இல் அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தான ஊர் பிலடெல்பியா. அந்த 76தான் அணியின் பெயரில் இருக்கிறது. சுருக்கமாக சிக்சர்ஸ் என்பார்கள்.

முதலில் பிலடெல்பியாவில் இருந்தது வாரியர்ஸ் அணி. அது 1962இல் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டது. அடுத்த வருடம் சிரக்யூஸ் நகரத்தின் நேஷனல்ஸ் அணி பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்து புதுப் பெயர் வைத்துக்கொண்டது. அந்த அணியோடு வந்தவர்களில் ஒருவர் ஹால் கிரீர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறார்.

1965இல் வில்ட் சேம்பர்லின் சிக்சர்ஸ் அணிக்கு வந்தார். இவர் பிறந்து வளர்ந்ததே பிலடெல்பியாவில்தான். ஏழடி உயரம். 1962இல் ஒரே ஆட்டத்தில் தனி ஆளாக 100 புள்ளிகள் எடுத்தவர். சேம்பர்லின், கிரீர், செட் வாக்கர், லூக் ஜாக்சன், இளம் வீரர் பில்லி கன்னிங்ஹாம் என்று 1966-67இல் அமைந்த அணி 68 வெற்றி, 13 தோல்வி என்ற கணக்கை எட்டியது. அன்றைக்கு அது என்.பி.ஏ. சாதனை. தொடர்ந்து எட்டு வருடங்கள் கோப்பையை யாருக்கும் விட்டுக்கொடுக்காத பாஸ்டன் செல்டிக்ஸ் அணியை அரையிறுதிக் கட்டத்தில் 4-1 என்று வீழ்த்தி, பிறகு இறுதிப் போட்டியில் சான் பிரான்சிஸ்கோவையும் வென்றது. வரலாற்றின் மிகச் சிறந்த அணிகளைப் பட்டியலிடும்போது இந்த அணியின் பெயர் தவறாமல் வரும்.

சரிவு ஒரே நாளில் வரவில்லை

1968இல் செல்டிக்ஸிடம் 3-1 என்று முன்னிலையில் இருந்து, அடுத்த மூன்று ஆட்டங்களையும் தோற்று வெளியேறியது சிக்சர்ஸ். பயிற்சியாளர் அலெக்ஸ் ஹானம் கிளம்பிவிட்டார். சேம்பர்லினுக்கும் அணி நிர்வாகத்துக்கும் ஒத்துப்போகவில்லை. அந்தக் கோடையில் அவரை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டு ஆர்ச்சி கிளார்க், டாரல் இம்ஹாஃப், ஜெர்ரி சேம்பர்ஸ் என்று மூன்று பேரை வாங்கினார்கள். 1972 வரும்போது அந்த மூவரில் ஒருவர்கூட பிலடெல்பியாவில் இல்லை.

1969இல் செட் வாக்கரை சிகாகோவுக்கு மாற்றினார்கள். அவர் அங்கே போயும் நட்சத்திரமாகவே ஆடினார். லூக் ஜாக்சனைக் காயம் முடக்கியது. 1972இல் ஓய்வு பெற்றார். 1971இல் ஆர்ச்சி கிளார்க்கை பால்டிமோருக்குக் கொடுத்து ஃப்ரெட் கார்ட்டர், கெவின் லாஃப்ரி இருவரையும் வாங்கினார்கள்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் ஏதோ ஒரு காரணம் இருந்தது. சேர்த்துப் பார்த்தால்தான் விபரீதம் புரியும். பயிற்சியாளர் ஜாக் ராம்சேயின் நான்கு வருடக் கணக்கு இது:

1968-69: 55 வெற்றி
1969-70: 42 வெற்றி
1970-71: 47 வெற்றி
1971-72: 30 வெற்றி

இத்தனைக்குப் பிறகும் அணியில் ஒரு பெரிய நட்சத்திரம் மிச்சம் இருந்தார். பில்லி கன்னிங்ஹாம். அவரையும் வைத்துக்கொள்ள முடியவில்லை. அந்தக் காலத்தில் என்.பி.ஏ.வுக்குப் போட்டியாக ஏ.பி.ஏ. என்று இன்னொரு லீக் இருந்தது. அதிலிருந்த கரோலினா கூகர்ஸ் அணியோடு கன்னிங்ஹாம் ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டிருந்தார். பிறகு மனம் மாறி பிலடெல்பியாவிலேயே இருக்க விரும்பினாலும், விவகாரம் நீதிமன்றம் வரை போய், 1972இல் கரோலினாவுக்குப் போக வேண்டியதாயிற்று. போன முதல் வருடமே அந்த லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். அதே வருடம்தான் அவர் விட்டுப்போன அணி 73 முறை தோற்றது.

ராம்சேயும் அதே 1972இல் பஃபலோ அணிக்குப் போய்விட்டார். பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்பது இதுதான்.

பயிற்சியாளர் தேவை!

காலியான நாற்காலிக்கு ஆள் கிடைக்கவில்லை. நிர்வாகம் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தே ஆள் தேடியது என்று இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். கடைசியில் கிடைத்தவர் ராய் ரூபின். லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் 11 வருடங்கள் பயிற்சியாளராக இருந்தவர். கல்லூரி மட்டத்தில் நல்ல பெயர் உள்ளவர்தான். ஆனால் தொழில்முறை அணி ஒன்றை ஒருநாள்கூட நடத்தியதில்லை. மூன்று வருடங்களுக்கு 3 லட்சம் டாலர் என்று ஒப்பந்தம்.

கல்லூரிக் கூடைப்பந்துக்கும் என்.பி.ஏ.வுக்கும் உள்ள வித்தியாசம் சின்னது அல்ல. கல்லூரியில் ஒரு சீசனுக்கு ஏறக்குறைய 25, 30 ஆட்டங்கள். என்.பி.ஏ.வில் ஆறு மாதத்துக்குள் 82 ஆட்டங்கள். இன்று பிலடெல்பியா, நாளை டெட்ராய்ட், மறுநாள் இன்னொரு ஊர். ஒரு தோல்விக்குப் பிறகு உட்கார்ந்து யோசித்து, தவறைத் திருத்தப் பயிற்சி கொடுக்க நேரமே இருக்காது. கல்லூரியில் பயிற்சியாளர் சொல்வதே வேதம்; மாணவர்கள் 20 வயதுப் பையன்கள். இங்கேயோ பத்து வருடம் ஆடிப் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். அவர்களுக்கு ரூபின் மேல் நம்பிக்கை வரவே இல்லை.

அந்த சீசன்

1972 அக்டோபரில் சீசன் தொடங்கியது. முதல் ஆட்டம் தோல்வி. இரண்டாவது தோல்வி. மூன்றாவது தோல்வி... இப்படியே 15 ஆட்டங்கள்! பதினாறாவது ஆட்டத்தில்தான் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியை வென்று கணக்கைத் தொடங்கினார்கள்.

நவம்பரில் லேக்கர்ஸிடமிருந்து லீராய் எல்லிஸ், ஜான் ட்ராப் இருவரை வாங்கினார்கள். இவர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். முந்தைய சீசனில்தான் லேக்கர்ஸ் 69 வெற்றி, 13 தோல்வி என்று சிக்சர்ஸின் பழைய சாதனையையே முறியடித்திருந்தது. தொடர்ந்து 33 ஆட்டங்களில் வென்றிருந்தது. அந்த அணியில் சாம்பியனாக இருந்த இருவர், சில மாதங்களில் ஜெயிப்பதே அதிசயமான அணிக்கு வந்து சேர்ந்தார்கள். என்.பி.ஏ.வின் உச்சியையும் பாதாளத்தையும் அடுத்தடுத்த சீசன்களில் பார்த்தவர்கள் இவர்கள்.

ஜனவரியில், நட்சத்திர வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கான இடைவேளை வந்தபோது கணக்கு 4 வெற்றி, 47 தோல்வி. இவ்வளவு மோசமான அணியிலிருந்தும் ஜான் பிளாக் என்ற வீரர் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். ஆனால் அதே சீசனிலேயே அவரையும் வேறு அணிக்கு மாற்றி, டாம் வான் ஆர்ஸ்டேலை வாங்கினார்கள்.

அந்த இடைவேளையில் ராய் ரூபினை வீட்டுக்கு அனுப்பினார்கள். 51 ஆட்டங்கள், நான்கு வெற்றிகள். அதன் பிறகு அவர் எந்த என்.பி.ஏ. அணிக்கும் பயிற்சியாளராக இருக்கவில்லை. 2013இல் அவர் இறந்தபோதும், 11 வருடக் கல்லூரி உழைப்பை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அந்த 51 ஆட்டங்களைத்தான் நினைத்தார்கள்.

பிப்ரவரியில் ஒரு வாரம்

புதுப் பயிற்சியாளரை வெளியே தேட நிர்வாகத்துக்குத் தெம்பில்லை. அணியில் ஆடிக்கொண்டிருந்த கெவின் லாஃப்ரியிடமே பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் வந்ததும் அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. முதல் 11 ஆட்டங்களும் தோல்வி. ரூபின் காலத்துக் கடைசித் தோல்விகளையும் சேர்த்தால் தொடர்ந்து 20 தோல்விகள். கணக்கு 4-58.

அப்புறம் வந்தது பிப்ரவரியின் அந்த நாட்கள். கரீம் அப்துல் ஜபார் ஆடிய மில்வாக்கி பக்ஸ் அந்த சீசனில் 60 ஆட்டங்களை வென்ற அணி. அந்த அணியை சிக்சர்ஸ் வென்றது! அதோடு நிற்கவில்லை. ஏழு ஆட்டங்களில் ஐந்து வெற்றி. சீசன் முழுவதும் வென்ற ஒன்பதில் ஐந்து இந்த ஏழு ஆட்டங்களுக்குள் வந்தவை.

அவ்வளவுதான். அதன் பிறகு கடைசி 13 ஆட்டங்களும் தோல்வி. முடிவில் 9-73. ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 12 புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்றிருக்கிறார்கள். இதே பிரிவில் முதலிடம் பிடித்த செல்டிக்ஸ் 68 ஆட்டங்களில் வென்றது. அதாவது முதலிடத்துக்கும் இவர்களுக்கும் 59 வெற்றிகள் இடைவெளி!

பாவம், பிலடெல்பியா ரசிகர்களுக்கு அந்த ஊரின் வேறு இரண்டு அணிகளும் ஆறுதல் தரவில்லை. 1972இல் அந்த ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான ஈகிள்ஸ் இரண்டே ஆட்டங்களில் வென்றது. பேஸ்பால் அணியான ஃபில்லீஸ் மொத்தம் வென்ற 59 ஆட்டங்களில் 27ஐ ஸ்டீவ் கார்ல்டன் என்ற ஒரே பந்துவீச்சாளர் வென்று கொடுத்தார்.

ஆடியவர்கள்

இப்படிப்பட்ட அணியில் ஆடியவர்கள் எல்லாம் ஆடத் தெரியாதவர்களா? இல்லை.

ஃப்ரெட் கார்ட்டர் அந்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 20 புள்ளிகள் எடுத்தார். சீசன் முடிவில் அணியின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். அதை நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்பது அவருக்கே தெரிந்திருக்காது. பின்னாளில் பல பேட்டிகளில் அந்த சீசனைப் பற்றி அவரே நகைச்சுவையாகப் பேசியிருக்கிறார். அறிமுக வீரர் ஃப்ரெட் பாய்ட் அந்த வருடத்தின் சிறந்த புதுமுகங்களின் அணியில் இடம்பிடித்தார்.

மனதைத் தொடுவது ஹால் கிரீரின் கதை. சிரக்யூஸ் காலத்திலிருந்து, 1958 முதல் ஒரே அணிக்கு ஆடியவர். 1967 சாம்பியன் அணியில் சேம்பர்லினோடு தோள் கொடுத்தவர். 36 வயதில், தன் பதினைந்தாவது சீசனில், அதே சட்டையில் இந்தச் சரிவைப் பார்த்தார். 38 ஆட்டங்கள்தான் ஆடினார். சீசன் முடிந்ததும் ஓய்வு பெற்றார். அப்போது என்.பி.ஏ.வில் அவரைவிட அதிக ஆட்டங்கள் ஆடியவர் யாரும் இல்லை: 1,122. அவர் எடுத்த 21,586 புள்ளிகள்தான் அந்த அணியின் வரலாற்றில் அதிகபட்சம். அப்படிப்பட்டவரின் கடைசி சீசன் 9-73!

தோல்விக்குப் பரிசு

அமெரிக்க விளையாட்டு லீகுகளில் ஒரு வினோத வழக்கம் உண்டு. கல்லூரியிலிருந்து வரும் புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பார்கள். இதற்கு டிராஃப்ட் என்று பெயர். மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. பலவீனமான அணி மேலே வர வேண்டும் என்பதற்காக. அந்தக் காலத்தில் இரு பிரிவுகளிலும் கடைசி இடம் பிடித்த அணிகளுக்கு இடையே நாணயம் சுண்டுவார்கள். பூவா தலையா பார்த்து முதல் இடம்.

1973இல் முதல் இடம் சிக்சர்ஸுக்குக் கிடைத்தது. டக் காலின்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். புதுப் பயிற்சியாளராக ஜீன் ஷூ வந்தார். 25 வெற்றிகள். 1974இல் மறுபடியும் நாணயம் சுண்டினார்கள். இந்த முறை போர்ட்லேண்ட் ஜெயித்தது. பில் வால்டன் அங்கே போனார். சிக்சர்ஸ் தேர்ந்தெடுத்த மார்வின் பார்ன்ஸ், என்.பி.ஏ.வுக்கே வராமல் ஏ.பி.ஏ.வுக்குப் போய்விட்டார்.

ஆனாலும் அணி எழுந்தது. 34, 46 என்று வெற்றிகள் கூடின. ஜார்ஜ் மெக்கின்னிஸ் வந்தார். 1976இல் புது உரிமையாளர் ஃபிட்ஸ் டிக்சன், டாக்டர் ஜே என்று புகழ்பெற்ற ஜூலியஸ் எர்விங்கை வாங்கினார். நியூயார்க் நெட்ஸ் அணிக்கு 30 லட்சம் டாலர், எர்விங்குக்கு இன்னொரு 30 லட்சம். 1977இல், அதாவது 9-73க்கு நான்கே வருடம் கழித்து, சிக்சர்ஸ் இறுதிப் போட்டியில்! முதல் இரண்டு ஆட்டங்களிலும் வெற்றி. அடுத்த நான்கிலும் தோல்வி. ஜெயித்தது யார் தெரியுமா? போர்ட்லேண்ட். நாணயம் சுண்டியதில் கைநழுவிய பில் வால்டன் அந்த அணியின் நட்சத்திரம். பயிற்சியாளர்? 1972இல் பிலடெல்பியாவை விட்டுப்போன அதே ஜாக் ராம்சே!

கரோலினாவுக்குப் போன பில்லி கன்னிங்ஹாம் 1974இல் திரும்பி வந்தார். முழங்கால் காயத்தால் ஆட்டத்தை விட்டவர், 1977இல் அதே அணிக்குப் பயிற்சியாளரானார். 1983இல் எர்விங், மோசஸ் மலோன் துணையோடு கோப்பையையும் வென்று கொடுத்தார். கெவின் லாஃப்ரியோ 1973லேயே நெட்ஸ் பயிற்சியாளராகி, எர்விங்கை வைத்து 1974, 1976 இரண்டு முறை ஏ.பி.ஏ. சாம்பியன் ஆனார். 5-26 என்ற கணக்கோடு கிளம்பியவர் அடுத்த வருடமே சாம்பியன்!

நல்ல ஆட்கள் கையில் கிடைத்தால் ஒரு பயிற்சியாளர் எப்படி மாறிவிடுகிறார் பாருங்கள். ரூபினுக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு கிடைக்கவில்லை.

தோற்பதும் தோற்க நினைப்பதும்

அந்த 9-73ஐ உடைக்கும் அளவுக்கு நெருங்கி வந்த அணிகள் சில உண்டு. 2011-12இல் சார்லட் பாப்கேட்ஸ் 7 வெற்றி, 59 தோல்வி. சதவீதக் கணக்கில் அது இன்னும் மோசம்தான். ஆனால் அந்த வருடம் உரிமையாளர்-வீரர் தகராறால் சீசன் 66 ஆட்டங்களாகச் சுருங்கியிருந்தது. 82 ஆட்ட சீசன்களில் மிக நெருங்கியது 2015-16இல் 10-72 என்று முடித்த அணி. அது எந்த அணி? அதே பிலடெல்பியா சிக்சர்ஸ்!

ஆனால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. 2013இல் பொது மேலாளராக வந்த சாம் ஹிங்கி ஒரு திட்டத்தோடு வந்தார். நல்ல வீரர்களை விற்றுவிடுவது, சில வருடங்கள் தோற்பது, டிராஃப்டில் முன்னால் இடம் பிடித்து வருங்கால நட்சத்திரங்களைச் சேர்ப்பது. மூன்று சீசன்களில் 47 வெற்றி, 199 தோல்வி. 2016 ஏப்ரலில் ஹிங்கி பதவி விலகினார். அந்தத் திட்டம் சரியா தவறா என்று இன்றும் சண்டை ஓயவில்லை. கடைசி இடம் பிடிப்பதன் லாபத்தைக் குறைக்க, 2019இல் டிராஃப்ட் குலுக்கலின் விதிகளையே என்.பி.ஏ. மாற்றியது.

1972-73 அணிக்கு அப்படி எந்தத் திட்டமும் இல்லை. தோற்றால் எதிர்காலத்தில் லாபம் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. பாதிப் பேர் அடுத்த வருடம் அங்கே இருக்கப் போவதும் இல்லை. நிர்வாகம் நான்கு வருடமாக எடுத்த முடிவுகளின் வட்டியை, அந்த முடிவுகளில் எந்தப் பங்கும் இல்லாத ஒரு டஜன் வீரர்களும் ஒரு கல்லூரிப் பயிற்சியாளரும் கட்டினார்கள். 58 தோல்விகளுக்குப் பிறகும், பட்டியலில் எந்த இடமும் மாறப்போவதில்லை என்று தெரிந்தும், மில்வாக்கியை வெல்ல முடியும் என்று நினைத்து இறங்கினார்கள். வென்றார்கள்.

ஒவ்வொரு முறை ஏதாவது ஒரு அணி தொடர்ந்து தோற்கத் தொடங்கும்போதும் அமெரிக்கப் பத்திரிகைகள் 9-73ஐத் தேடி எடுக்கின்றன. அந்த எண்களில் 73ஐத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அதற்குப் பக்கத்தில் இருக்கும் 9 அதைவிடக் கஷ்டப்பட்டு வந்தது.